முன் சீட்டுக்கு அடியில் கீச்சுச் சத்தம்

மார்ச் 4, திங்கள்

இன்று காலை நர்ஸ்கள் எல்லோரும் சேர்ந்து என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். இரவு ஷிப்ட் முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் வேனில் ஏறியதிலிருந்து ஒரே பேச்சு. "அண்ணே, வண்டிக்குள்ள பூனை ஏதாவது ஏறிடுச்சா?" என்று ஒருத்தி. "பூனை இல்லக்கா, அண்ணன் பாட ஆரம்பிச்சிருக்காரு" என்று இன்னொருத்தி. எனக்குப் பக்கத்தில் உட்காரும் பெரிய சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம் வருது, நம்ம சீட்டுக்கு அடியிலேருந்துதான். என்னன்னு பாருங்க" என்றார்.

நான் கேட்டவரை ஒன்றும் இல்லை. எஞ்சின் எப்போதும் போல் உறுமியது. பின்கதவு எப்போதும் போல் கடகடத்தது. இருந்தாலும் "பாக்குறேன் சிஸ்டர்" என்று சொல்லிவைத்தேன். ராத்திரி முழுக்க நோயாளிகளிடம் சிரித்த முகம் காட்டியவர்களுக்குக் கலாய்க்க ஒரு ஆள் வேண்டும். நான் கிடைத்தேன்.

மார்ச் 5

இன்றும் பூனைப் பேச்சு. சிரித்து வைத்தேன்.

மார்ச் 6, புதன்

மதியம் சும்மாதானே இருக்கிறோம் என்று முன் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். இந்த வேனில் அதற்கு அடியில்தான் எஞ்சின். எஞ்சினோடு சுற்றும் ரப்பர் பெல்ட்டின் நிலைமை பார்க்கச் சகிக்கவில்லை. உள்பக்க வரிகளில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு, ஓரிடத்தில் ஒரு வரி பிய்ந்தே போயிருந்தது. முதுகுப் பக்கம் மொழுமொழுவென்று பளபளக்கிறது. இப்படித் தேய்ந்தால் வழுக்கும். வழுக்கினால் கத்தும். அறுந்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், எஞ்சின் கொதிக்கும். பாலத்து இறக்கத்தில் அது நடந்தால்?

ஆக, அந்தப் பெண்கள் விளையாடவில்லை. சத்தம் வந்திருக்கிறது. அதுவும் என் தொடைக்குக் கீழே. எனக்கு ஏன் கேட்கவில்லை?

பதினைந்து வருடமாக எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருப்பவனுக்குப் பழகிப் போயிருக்கும். அவ்வளவுதான்.

மார்ச் 8, வெள்ளி

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். எடுத்த எடுப்பில் கடைக்காரர் கேட்டது, "ஏசி இருக்கா, இல்லையா?"

"பட்டன் இருக்கு. ஏசி இல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தைய சொந்தக்காரர் ஏசி கம்ப்ரஸரைக் கழற்றி விற்றுவிட்டு, பட்டனை மட்டும் அழகுக்கு விட்டுவைத்த கதையைச் சொன்னேன். அப்படியென்றால் இந்த வண்டிக்கென்று வரும் பெல்ட் பொருந்தாது, நீளம் கூடிவிடும் என்றார். பழைய பெல்ட்டின் முதுகில் இருந்த நம்பரும் அழிந்துவிட்டது. "பழசை வச்சு அளக்கவும் முடியாதுண்ணே. தேஞ்சது பொய் சொல்லும்" என்று ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு என்னோடு வண்டிக்கு வந்தார். பெல்ட் ஓடும் சக்கரங்களை, ஒவ்வொரு புல்லியாகச் சுற்றி அளந்தார். பிறகு எஞ்சினை ஒரு தடவை போடச் சொன்னார். போட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"இதோடவா இவ்வளவு நாள் ஓட்டினீங்க?"

கடைக்குள் போய், கயிற்றின் நீளத்துக்குச் சரியாக இருந்த இரண்டு பெல்ட்டையும் மாற்றி மாற்றி வளைத்துப் பார்த்து, அழுத்தமான ஒன்றை எடுத்தேன். கல்யாணச் சட்டை எடுக்கக்கூட இவ்வளவு நேரம் நின்றதில்லை.

மார்ச் 10, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் பெல்ட்டை மாற்ற உட்கார்ந்தேன். மனைவி டார்ச் பிடித்தாள். பழையது எந்த வழியாகச் சுற்றி வருகிறது என்று ஓர் அட்டையில் வரைந்துகொண்டேன். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை ஸ்பேனரால் நெம்பி, பழையதை உருவி, புதியதை மாட்டினேன். கையில் ரெண்டு இடத்தில் தோல் போனதோடு சரி. எஞ்சினைப் போட்டேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சத்தமே இல்லை.

"பாத்தியா, எப்படி ஓடுது" என்று பெருமையாக அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டு மாடியில் ஒருவர் எட்டிப் பார்த்துத் திட்டுவது வாயசைவில் தெரிந்தது.

எஞ்சினை அணைத்தேன்.

"ஏங்க, நிஜமாவே உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை. அவள்தான் டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தாள். "இங்க பாருங்க, பெல்ட்டு ஒரு வரி தள்ளி உக்காந்திருக்கு. ஓரத்துல கொஞ்சம் வெளியில நிக்குது." அவள் சொன்னது சரி. கீழ்ப் புல்லியில் ஒரு பள்ளம் தள்ளி மாட்டியிருக்கிறேன். அப்படியே விட்டிருந்தால் ஓரம் நார் நாராகக் கிழிந்து, நாலு நாளில் அறுந்திருக்கும். காது இருக்கிற எவனும் அந்த நொடியே கண்டுபிடித்திருப்பான். மறுபடி கழற்றிச் சரியாக உட்கார வைத்தேன். சத்தம் நின்றுவிட்டதா என்று அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்புறம் அவள் சொன்னாள். ரெண்டு வருடமாகவே தெரியுமாம். அதனால்தான் குரலை உயர்த்திப் பேசிப் பழகிக்கொண்டாளாம். "சொன்னா நீங்க ஒடஞ்சு போயிடுவீங்கன்னு நெனச்சேன்." நான் என்னடா என்றால், வயசாக ஆகச் சிடுசிடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பாதி நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

சாப்பிடும்போது, "நர்சுங்ககிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

"சொன்னா பொழப்பு போச்சு."

"அத்தனை வீட்டுப் பொண்ணுங்க உங்களை நம்பி ஏறுதுங்க" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 11, திங்கள்

வண்டி கிளம்பியதும் பின்னால் கைதட்டினார்கள். பூனை இறங்கிவிட்டதாம். நானும் கேட்டு ரசிப்பவன் மாதிரி தலையாட்டினேன்.

நல்ல நடிகன்.

மார்ச் 12, செவ்வாய்

மார்க்கெட் முனையில் இடதுபக்கம் திருப்பினேன். பெரிய சிஸ்டர் "நிறுத்துங்க" என்று என் கையைப் பிடித்துவிட்டார். பிரேக் போட்டேன். கதவை ஒட்டி ஒரு சைக்கிள். பால் கேனோடு ஒரு பெரியவர். அவர் விடாமல் மணி அடித்துக்கொண்டேதான் வந்திருக்கிறார். என்னை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அடி ஒன்றும் இல்லை.

"மணி கேக்கலையா?" என்றார் சிஸ்டர்.

"கவனிக்கல" என்றேன்.

கவனிக்கலையாம். வாய் கூசாமல் வருது எனக்குப் பொய். அந்த மனுஷன் கீழ விழுந்திருந்தா? பெல்ட்டுன்னா மாத்திடலாம். இதை எந்தக் கடையில போய் வாங்குவ?

மார்ச் 13, புதன்

சொல்லிவிட்டேன்.

எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, சாவியைப் போடாமல் பின்னால் திரும்பி, சுற்றி வளைக்காமல் சொன்னேன். எனக்கு மெல்லிசான சத்தம் எதுவும் காதில் விழுவதில்லை. நேற்று சைக்கிள் மணியும் விழவில்லை. ஞாயிறே தெரியும், மறைத்துவிட்டேன்.

முதலில் எழுந்தது கண்ணாடி போட்ட சின்ன சிஸ்டர். எப்போதும் ஜன்னலோரம் போன் பார்த்துக்கொண்டு வருபவள், அதிகம் பேச மாட்டாள். "தப்பா நெனைக்காதீங்கண்ணே. டெஸ்ட் பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் பஸ்ல போய்க்கிறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் பின்னாலேயே இன்னும் ரெண்டு பேர்.

சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. நடந்து போகிறவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மகளாக இருந்தால் நானே இறங்கு என்றுதான் சொல்லியிருப்பேன்.

பெரிய சிஸ்டர் இறங்கவில்லை. ஆனால் "இன்னைக்கு வேற யாராவது ஓட்டட்டும்ணே" என்றார். மச்சானுக்கு போன் போட்டேன். மனைவியின் தம்பி, பள்ளி பஸ் ஓட்டுகிறவன். அவன் வரும் வரை எல்லோரும் வண்டியிலேயே காத்திருந்தார்கள். என் வண்டியில் நான் பின் சீட்டில் உட்கார்ந்து வீடு வந்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

காது டாக்டரிடம் போனேன். ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். நாலைந்து தடவை அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது போல என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டெஸ்ட் எடுத்த பெண் குனிந்து ஒவ்வொரு விசையாக அழுத்திக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்கவில்லை.

கனத்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறதாம். மெல்லிசாக, கீச்சென்று உச்சியில் வரும் சத்தம்தான் போய்விட்டது, எஞ்சின் மேல் உட்கார்ந்த வேலை காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். திரும்ப வராது. காதில் மெஷின் போட்டால் சமாளிக்கலாம், போட்ட பிறகு மறுபடி சோதித்து, சரியாக இருந்தால் சான்றிதழ் தருகிறேன், அதற்குப் பிறகு ஓட்டலாம் என்றார்.

மார்ச் 27

காது மெஷின் வந்தது. என் செருப்பு இவ்வளவு சத்தம் போடுமா? குழாய், பேப்பர், கரண்டி – வீட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் பேசுகின்றன. தலைவலி. மனைவி ஏதோ கத்தினாள், "ஐயோ மெதுவா" என்றேன். சிரித்துக்கொண்டே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 3, புதன்

சோதனையில் தேறிவிட்டேன். சான்றிதழைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் காட்டினேன். வெள்ளிக்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள். மச்சான் சாவியைக் கொடுத்தான். வாங்கினதும் முதலில் முன் சீட்டைத் தூக்கி பெல்ட்டைத்தான் பார்த்தேன். வரிக்கு வரி சரியாக உட்கார்ந்திருக்கிறது.

ஏப்ரல் 5, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். பாதிப் பேராவது வருவார்களா என்று இருந்தது. பெரிய சிஸ்டர் வந்து முன்னால் ஏறி, என் காதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறினார்கள். யாரும் கலாய்க்கவில்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கண்ணாடி சிஸ்டர் கடைசியாக வந்தாள். நேராக பஸ் நிறுத்தத்துக்குத்தான் போவாள் என்று நினைத்தேன். வேனுக்கு வெளியே நின்று சான்றிதழைக் கேட்டாள். கொடுத்தேன். கடைசி வரி வரை படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பாலத்தைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். அவள் போன் மடியில் கிடக்கிறது, தலை ஜன்னலில் சாய்ந்திருக்கிறது. நல்ல தூக்கம். அவள் தெரு வந்ததும் நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது.