மூன்று கூம்புச் சீனி

இளைஞர் விடுதி, ஃபெஸ்
12 செப்டம்பர் 1996

அன்புள்ள அப்பாவுக்கு ரப்ஹாவின் ஸலாம்.

நான் சுகம். உங்கள் முழங்கால், அம்மாவின் இருமல், ஆப்பிள் பறிப்பு இவையெல்லாம் எப்படி என்று விவரமாக எழுதவும். போன தடவை மாதிரி "எல்லாரும் நலம்" என்று ஒரே வரியில் முடித்தால் செல்லாது. மிதெல்த் பேருந்து நிலையத்தின் சன்னலில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சீட்டுக் கிழிக்கிறவருக்கு மகளுக்கு ஒரு பக்கம் எழுத நேரமில்லை என்றால் யார் நம்புவார்கள்?

விடுதியில் எங்கள் அறைக்கு எட்டுப் பேர். எனக்கு மேல்கட்டில். கீழே உல்ரிக்க என்ற ஜெர்மன் பெண் இருக்கிறாள். அவளைத்தான் தினமும் பழைய நகரத்துக்குக் கூட்டிப் போய் வழிகாட்டிப் பழகுகிறேன். ஒரு வாசலை விடமாட்டாள். யார் கட்டியது, ஏன் கட்டியது, கதவில் ஏன் இரண்டு வளையம் என்று பிய்த்து எடுத்துவிடுவாள். தேர்வாளர்கள் இவளை விடக் கடுமையாக இருக்க முடியாது.

காப்பாளர் லல்லா நுஃபிஸா ஃபெஸ்ஸிலேயே பிறந்தவர், சட்டம் என்றால் சட்டம். காலை பத்து மணிக்கு எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினால், பன்னிரண்டுக்குத்தான் திறப்பார். ஒருவர் தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் தங்கக் கூடாது என்றும் ஒரு விதி. நான் தேர்வு முடியும்வரை இருக்க வேண்டுமே? அதற்கும் அவரே வழி சொன்னார். நான்காம் நாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மணி அடித்து, அப்போதுதான் ஊரிலிருந்து வந்தவள் மாதிரி உள்ளே வர வேண்டும். "எங்கிருந்து வர்றே?" என்று முகம் மாறாமல் கேட்பார். "மிதெல்த்லேர்ந்து" என்பேன். இதுவரை இரண்டு முறை இப்படி ஊரிலிருந்து வந்திருக்கிறேன்.

வழிகாட்டி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வு இருபத்துநான்காம் தேதி. மொத்தம் நாற்பத்தொரு பேர், பெரும்பாலும் இந்த ஊர்க்காரர்கள். என்னை மலைக்காரி என்கிறார்கள், சந்துக்குள் விட்டால் அழுதுவிடுவேனாம். அழமாட்டேன். ஊரே ஒரு கிண்ணம் போல இருக்கிறது. பூஜ்லூத் வாசலில் நுழைந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுமோ அந்தப் பக்கம் இறங்கினால் கராவியீன் பள்ளிவாசலில் போய் நிற்போம். மலையில் வளர்ந்தவளுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? நான் தேறிவிடுவேன் அப்பா, கவலை வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தைத் தன் பேருந்தில் கொண்டுவந்த பாஸ்ஸு மாமா என்னைப் பார்த்ததும் "வா மருமகளே" என்றார். ஒரு பை வாதுமையும் கொடுத்தார். பதினெட்டு வருஷமாக என்னை "ஏய் வாலு" என்றுதானே கூப்பிடுவார்? தேர்வு முடியும்வரை கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

அன்பு மகள்
ரப்ஹா


மிதெல்த்
17 செப்டம்பர் 1996

அன்பு மகள் ரப்ஹாவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது.

முழங்கால் படியேறும்போது வலிக்கிறது, இறங்கும்போது வலிக்கவில்லை. அம்மாவின் இருமல் குறைந்துவிட்டது, ஏச்சு குறையவில்லை. ஆப்பிள் இந்த வருஷம் நல்ல நிறம். விவரம் போதுமா?

பாஸ்ஸு விஷயத்தில் ஒரு சின்னக் குழப்பம் நடந்துவிட்டது. உன் ஹெத்தா அத்தை போனதற்குத் துக்கம் கேட்க ஊரே சீனியோடு வந்தது உனக்குத் தெரியும். அடுக்கி வைத்தது கூரையைத் தொட்டது. எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பாஸ்ஸு தன் மனைவியோடு மூன்று கூம்புச் சீனி கொண்டுவந்தான். அவனும் துக்கத்துக்குத்தான் கொண்டுவந்தான் என்று நினைத்து வாங்கி வைத்துவிட்டேன். அன்றைக்கே ஒன்றை உடைத்துத் தேநீர் போட்டு அவனுக்கும் கொடுத்தேன். அவன் என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதான். ஹெத்தாமேல் இவ்வளவு பாசமா என்று நானும் அழுதேன்.

அவன் மகன் ஸயிதுக்கு உன்னைக் கேட்டு வந்தவன் என்பது மறுநாள் நிலையத்தில் எல்லோரும் என் கையைக் குலுக்கியபோதுதான் தெரிந்தது. துக்கத்துக்கும் அதே நீலத்தாள் சுற்றிய சீனி, பெண் கேட்கவும் அதே சீனி. மனிதன் குழம்பத்தானே செய்வான்? மூன்றையும் குடித்து முடித்தாகிவிட்டது. குடித்த சீனியை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

ஸயித் நல்ல பையன். நீ முதலில் தேர்வைப் பார்.

அப்பா
ஹத்து


ஃபெஸ்
20 செப்டம்பர் 1996

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசலுக்கு வெளியே பையோடு நின்று படித்தேன், இன்று என் நான்காம் நாள். லல்லா நுஃபிஸா கதவைத் திறந்து "எங்கிருந்து வர்றே?" என்று கேட்டபோது உங்கள் கடிதத்தை நீட்டினேன். அவரே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தட்டுல மருதாணி இருந்துச்சா?"

அதையே நானும் கேட்கிறேன். அத்தை போய் நாற்பதாம் நாள் ஓதி முடித்த பிறகு யார் துக்கம் கேட்க வருகிறார்கள்? துக்கத்துக்கு வருகிறவர்கள் மருதாணியும் பேரீச்சையும் வைத்துத் தட்டை மூடிக் கொண்டுவருவதில்லை. தட்டில் என்ன இருந்தது என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

ஸயித் நல்லவன்தான், நான் மறுக்கவில்லை. போன பெருநாளில் நம் வாசலில் நின்று, கட்டிக்கொண்டு வருகிறவள் வெளிநாட்டுக்காரர்களை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்ற வேண்டியதில்லை என்று சொன்னதும் அவன்தான். எனக்குச் சுற்ற வேண்டும் அப்பா. அதற்காகத்தான் மூன்று வருஷம் படித்தேன். நீங்கள்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

சீனியைத் திருப்பிக் கொடுங்கள். இந்தக் கடிதத்தையும் பாஸ்ஸு மாமா கையில்தான் கொடுக்கிறேன், வேறு வண்டி இல்லை. உறையை இரண்டு தடவை ஒட்டப்போகிறேன். நான் கையால் மறைத்து எழுதுவதைப் பார்த்து "மாமனார்கிட்ட ரகசியமா?" என்று சிரிக்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரப்ஹா


மிதெல்த்
27 செப்டம்பர் 1996

அன்பு மகளுக்கு,

எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியிருப்பாய். இங்கே இரண்டு நாள் மழை. ஆயாஷி மலையில் முதல் பனி விழுந்துவிட்டது. உன் கம்பளிச் சட்டையை அனுப்பியிருக்கிறேன்.

நீ கேட்டதைச் செய்வது எனக்குச் சுலபமில்லை. பாஸ்ஸுவும் நானும் பத்தொன்பது வருஷமாக அந்த நிலையத்தில் ஒரே கெட்டிலில் தேநீர் குடிக்கிறோம். நான் சீட்டுக் கிழிக்காமல் அவன் வண்டி கிளம்பாது. அவன் ஒலி எழுப்பாமல் நான் சன்னலைச் சாத்தமாட்டேன். அவன் வீட்டு வாசலில் போய் "உன் மகன் வேண்டாம்" என்று எந்த வாயால் சொல்வது?

தட்டைப் பற்றி இப்போது என்ன பேச்சு? உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


ஃபெஸ்
4 அக்டோபர் 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன், நாற்பத்தொரு பேரில் பதினான்கு பேர்தான் மிச்சம். மலைக்காரி பெயர் ஐந்தாவதாக இருந்தது. மற்றவர்கள் என்னைத் தேடி வந்து, நீர்மதகுகளைப் பற்றிய கேள்விக்கு என்ன எழுதினாய் என்று கேட்டார்கள். உல்ரிக்க கட்டிலின் மேலேறிக் குதித்ததில் ஒரு பலகை உடைந்தது. லல்லா நுஃபிஸா அவளைத் திட்டிவிட்டு, எனக்குத் தேன் ஊற்றிய ரொட்டி கொடுத்தார்.

வாய்மொழித் தேர்வு பதினைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு. பூஜ்லூத் வாசலிலிருந்து தேர்வாளர்கள் மூன்று பேரையும் நான் அழைத்துப் போக வேண்டும்.

இத்துடன் ஒரு சாக்குப்பை வருகிறது. அதில் மூன்று கூம்புச் சீனி இருக்கிறது, அதே நீலத்தாள், அதே எடை. குடித்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான். எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுங்கள். அம்மாவை அனுப்பக் கூடாது, நீங்களே போக வேண்டும்.

கோபத்தில் எழுதவில்லை. நான்கு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். சீனி திரும்பிப் போனால் பதினாறாம் தேதி நான் வீட்டுக்கு வருவேன். போகாவிட்டால் வரமாட்டேன். லல்லா நுஃபிஸா விடுதியில் வேலையும் ஒரு கட்டிலும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் மகள் இல்லாமல் உங்களால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். என்னாலும் முடியாதுதான், ஆனாலும் வரமாட்டேன்.

அன்புடன்
ரப்ஹா


இளைஞர் விடுதி வாசல், ஃபெஸ்
15 அக்டோபர் 1996

அன்பு மகள் ரப்ஹாவுக்கு,

நீ பையோடு நிற்கிற இடத்தில் நான் பையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். நீ தேர்வுக்குப் போகுமுன் பார்த்துவிடலாம் என்று ஓடிவந்தேன். பத்துமணிக் கதவை நீ எழுதியிருந்தும் மறந்துவிட்டேன். நான் மணி அடித்ததும் லல்லா நுஃபிஸா கதவிலுள்ள சின்னத் திறப்பு வழியாகப் பார்த்தார்.

"வயசு?"

"அறுபத்தொண்ணு."

"இது இளைஞர் விடுதி."

"என் பொண்ணு இங்க இருக்கா."

"அது தெரியுது, மூக்கே சொல்லுதே. அவ ஒம்பதுக்கே கிளம்பிட்டா. நீங்க பன்னண்டு மணிக்கு வாங்க, ஆம்பளைங்க அறையில கட்டில் போடச் சொல்றேன்."

அதுவரை என்ன செய்வது என்றேன். இந்தத் தாளையும் பென்சிலையும் திறப்பு வழியாக நீட்டிவிட்டு மூடிக்கொண்டார். சட்டம் என்றால் சட்டம் என்று நீ எழுதியது சரிதான்.

ரப்ஹா, தட்டில் மருதாணி இருந்தது. பேரீச்சையும் இருந்தது. தட்டை மூடியிருந்த துணியை என் கையாலேயே எடுத்தேன். உன் அம்மா அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. என்ன சீனி என்று தெரிந்துதான் உடைத்தேன். துக்கம் என்று நினைத்தேன் என்பது உனக்காகப் பிறகு சோடித்த கதை. செத்துப்போன என் அக்காவைச் சாக்காக இழுத்தேன், அதுதான் இப்போது ரொம்பக் கூசுகிறது.

ஏன் செய்தேன் என்றால், நீ தேறிவிடுவாய் என்று உன்னைவிட எனக்கு நிச்சயமாகத் தெரியும். தேறினால் ஃபெஸ்ஸில் இருந்துவிடுவாய். ஸயிதைக் கட்டினால் நாலு தெரு தள்ளி இருப்பாய், மாலையில் சன்னல் பக்கம் வந்து "அப்பா, கிளம்பலாம்" என்பாய். எனக்கு அது வேண்டியிருந்தது. வாக்குக் கொடுத்தவன் திருடன் மாதிரி நடந்துகொண்டேன்.

நீ அனுப்பிய சாக்குப்பையை யார் தூக்கி வந்தது தெரியுமல்லவா? பாஸ்ஸுவே தோளில் வைத்து என் வீட்டுப் படியேறி இறக்கி வைத்தான். எனக்கு முழங்கால் வலியாம். "மருமக என்ன அனுப்பிருக்கா, இந்தக் கனம் கனக்குது?" என்றான். புத்தகம் என்றேன். அந்த ஒரு பொய்க்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு வேண்டாம் என்று சொல்லும் சீனியை அவனையே சுமக்க வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எடுத்துக்கொண்டு போனேன். அவன் பத்தொன்பது வருஷ நண்பன், சுற்றி வளைத்துப் பேசவில்லை. என் மகளைக் கேட்காமல் வாங்கிவிட்டேன், அவளுக்கு விருப்பமில்லை, தப்பு என்னுடையது, உன் மகனிடம் ஒரு குறையும் இல்லை என்றேன். அவன் பையைப் பிரித்து நீலத்தாளைப் பார்த்தான்.

"இத நானேதான் தூக்கிட்டு வந்தேனா, ஹத்து?"

"ஆமா."

சீனியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினான். சனிக்கிழமையிலிருந்து என் சன்னலுக்குத் தேநீர் குடிக்க வருவதில்லை, கெட்டில் அங்கேயே கிடக்கிறது. எனக்கு நெஞ்சு கனத்துப்போய் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் உன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியும் என்பதும் தெரிகிறது.

இன்று அவன் வண்டியில்தான் வந்தேன், வேறு வண்டி இல்லையே. முன்னிருக்கையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அஸ்ரூ ஊர் வரை அவன் சாலையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அஸ்ரூவில் எல்லாரும் தேநீருக்கு இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. அவன் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். ஒரு மிடறு குடித்தேன். சீனியே போடவில்லை. நம் ஊரில் எதிரிக்குக்கூட அப்படிக் கொடுக்கமாட்டார்கள். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அடிவரை குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் சாலையைப் பார்த்தபடியே கேட்டான்.

"வாலுக்குப் பரீட்சை எத்தன மணிக்கு?"

"பதினொண்ணு."

இமூஸரில் வழக்கமாக இருபது நிமிஷம் நிறுத்துவான். இன்று நிறுத்தவில்லை. பின்னாலிருந்தவர்கள் கத்தினார்கள், அவன் காதில் வாங்கவில்லை. ஃபெஸ்ஸில் இறங்கும்போது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பையை என் கையில் திணித்து "போ" என்றான்.

இப்போது பதினொன்றரை இருக்கும். நீ தேர்வாளர்களைக் கூட்டிக்கொண்டு பாதி இறக்கம் இறங்கியிருப்பாய். ஃபெஸ்காரர்கள் மூன்று பேர் ஒரு மலைக்காரி பின்னால் நடக்கிறார்கள். அவர்களை நீ தொலைக்கமாட்டாய்.

நாளைக்கு எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டு. உல்ரிக்க மாதிரி கேள்வி கேட்பேன், பதில் சொல்ல வேண்டும். சுற்றி முடித்ததும் வீட்டுக்கு வருவதா, இங்கேயே இருப்பதா என்பதை நீ சொல். இருக்கிறேன் என்றால் நான் பாஸ்ஸுவின் வண்டியில் தனியாகத் திரும்பிப் போவேன். அழுதாலும் போவேன்.

பையில் ஒரு கூம்புச் சீனி கொண்டுவந்திருக்கிறேன். யாரும் செத்துப்போகவில்லை, யாரும் பெண் கேட்கவில்லை. தாளை நான் பிரிக்கவில்லை. வந்து நீயே உடை.

அப்பா
ஹத்து

லல்லா நுஃபிஸா கதவைத் திறந்துவிட்டார். "எங்கிருந்து வர்றீங்க?" என்று கேட்கிறார். மிதெல்த்திலிருந்து என்று சொன்னேன்.