தலைக்கவசத்துக்குப் பொட்டு

செப்டம்பர் 26, வெள்ளி

அத்தை இன்று கேட்டேவிட்டார். "இன்னா மதி, அந்தக் கோணிப்பை இம்மாங் கனமா கீது?"

"டிராக்டர் ஸ்பேர், அத்தே."

மாமியாரிடம் மறுபடியும் பொய். பழைய காலத்துப் போர்வீரன் மாதிரி இரும்பு உடுப்பு மாட்டிக்கொண்டு, மழுங்கிய வாளால் அடித்து எதிராளியைக் கீழே தள்ளும் விளையாட்டு என்னுடையது. கல்யாணமாகிப் பெருநகர் என்கிற இந்தக் கிராமத்துக்கு வந்த பிறகு இது என் கணவர் தினேஷுக்கு மட்டும்தான் தெரியும். தெரியாதவர் மாதிரியே இருக்கிறார். அதுதான் அவருடைய வீரம்.

ஆயுதபூஜை லீவு அன்று தாம்பரத்தில் தேர்வு ஆட்டம். விட்டால் அணியில் இடம் போச்சு. அத்தைக்குத் தெரிந்தால் விளையாட்டே போச்சு.

செப்டம்பர் 28

தொழுவத்தில் ஒளிந்து வாள் வீசிப் பழகினேன். மிரண்ட பசு பால் தரவில்லை. பக்கத்து வீட்டுக் கண் பட்டுவிட்டது என்கிறார் அத்தை.

அக்டோபர் 1, புதன் — பஸ்ஸில்

விடிவதற்குள் எழுந்து பார்த்தால் கோணி காலி. அரிவாள், மண்வெட்டி வரிசையில் என் தலைக்கவசம், மார்புத்தகடு! எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. கற்பூரமும் காட்டியாகிவிட்டது. டிராக்டர் ஸ்பேரை பூஜையில் வைக்காமல் எப்படி?

"நாளைக்கு மறுபூஜை போட்டாதான் எடுக்கலாம்" என்றார் அத்தை. ஐயோ, இன்னைக்கு ஆட்டமாச்சே, நான் இன்னா பண்ணுவேன்? அழுதேவிட்டேன். உண்மையெல்லாம் கொட்டிவிட்டேன்.

அத்தை கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "ஆம்பளைங்க கூடவா அடிச்சிக்கிற?"

"இல்ல அத்தே, பொம்பளைங்கதான்."

கொஞ்சம் தைரியம் வந்தது. "உத்திரமேரூர் பஸ்ஸு மட்டும் பூஜை போட்ட அன்னிக்கே ஓடுதே?" என்றேன்.

"அது வாழக்கன்னு, மாலையோட ஓடுது." யோசித்தார். "நீயும் பொட்ட அழிக்காம, மாலையோட எடுத்துக்கினு போ. நானும் கூட வரேன்."

இப்போது மாலை போட்ட தலைக்கவசம் என் மடியில் இருக்கிறது. கண்டக்டர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அக்டோபர் 2

நேற்று நன்றாகத்தான் ஆடினேன். இரண்டு பேரைத் தள்ளினேன். மூன்றாமவள் என்னைத் தள்ளிவிட்டாள். விழுந்தவள் எழாமல் கிடக்க வேண்டும் என்பது விதி. அத்தைக்கு விதி எங்கே தெரியும்? நான் அடிபட்டுக் கிடக்கிறேன் என்று நினைத்து, கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து அந்தப் பெண்ணின் முதுகில் குடையால் ஒன்று போட்டார். "வுயுந்தவளப் போய் இன்னாடி அடிக்கிற?"

இரும்பு முதுகு. குடைதான் வளைந்தது. வெளியாள் உள்ளே வந்ததால் எங்கள் பக்கம் தோற்றதாக அறிவித்துவிட்டார்கள்.

ஊர் வரும்வரை அத்தையோடு பேசவில்லை. அவ்வளவு கோபம். ஆனால், என் அம்மா ஒரு ஆட்டம் கூடப் பார்க்க வந்ததில்லை. அதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 3

குடையைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

பயிற்சியாளர் பிரிஸ்கில்லா அக்கா செய்தி அனுப்பியிருக்கிறார்: "நீ அணியில் இருக்கிறாய். ஒரே நிபந்தனை, மாமியாரைக் கூட்டி வரக்கூடாது."

குதிக்க வேண்டியவள், போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "அத்தை வந்தால்தான் நான் வருவேன். கயிற்றுக்கு வெளியிலேயே நிற்பார்" என்று பதில் போட்டேன். மாலையில்தான் சரி என்று வந்தது.

அத்தையிடம் சொன்னேன்.

"வர்றேன். வெளிய நிக்கிறது மட்டும் அங்க போய் பாத்துக்கலாம்" என்கிறார்.