சஸ்னியின் ஜுப்பாவில் வந்த வாசம்

ஜூலை 10, வெள்ளி

மூன்றாம் நாளாக மேற்கிலிருந்து கச்சான் காற்று. கொடியில் காய்ந்த துணியெல்லாம் மணல். மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டும்.

இன்றைய வேலை: நிந்தவூர்க்காரியின் அபாயா, கை மட்டும் பாக்கி. கல்யாண மாப்பிள்ளைக்கு ஜுப்பா, காலர் கோணல், பிரித்துத் தைக்க வேண்டும் (என் பிழைதான்). மகன் சஸ்னியின் ஜுப்பா முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அதற்கு உள்ளே, இடப் பக்கம், ஒரு பை வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றான். “என்னத்துக்குடா?” “மிஸ்வாக் வெக்கும்மா.” பதினாறு வயதுப் பிள்ளை பல் துலக்கும் குச்சிக்குப் பை கேட்கிறான்! மனம் குளிர்ந்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன்.

அத்தரும் பூசப் பழகிவிட்டான். அறை முழுக்கப் பழ வாசம். ஜும்ஆத் தொழுகைக்கு முதல் ஆளாகப் போனான். மதிலுக்கு மேலால் அடுத்த வீட்டிலிருக்கும் என் அக்கா ராத்தாவிடம் பெருமையடித்தேன். “மாப்புளக் கள வந்திட்டுகா உன்ட மகனுக்கு” என்று சிரித்தார். கண்ணூறு படாமல் இருக்க வேண்டும்.

இருமல் மட்டும் விடவில்லை. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். இரண்டு மாதமாகக் கொடுக்கிறேன்.

ஜூலை 11, சனி

காலை ஜுப்பாவைக் கழுவ எடுத்தேன். உள்பையில் ஏதோ தடித்தது. நீல நிறம், எழுத்தில் கோடு போடும் தடிப் பேனை அளவு. முகர்ந்தேன். அதே பழ வாசம். சரி, அவன் வாப்பா வேலை செய்யும் கட்டாரிலிருந்து வந்த கரண்ட் அத்தராக்கும் என்று நினைத்து, ஈரம் படாமல் துடைத்து யன்னலில் வைத்தேன். என்னைப் போல மோட்டுக் கழுதை இந்தக் கல்முனையில் இல்லை.

பத்து மணிக்கு ராத்தாவின் மகள் சுமையா வந்தாள். தாதிப் பயிற்சியில் இருப்பவள், லீவில் நிற்கிறாள். யன்னலைப் பார்த்தவள் முகம் மாறியது.

“சாச்சி, இது யார்ட?”

“சஸ்னிட. அத்தர்.”

“அத்தர் இல்ல சாச்சி. வேப். சிகரெட்டுத்தான் இது. நெருப்பு இல்ல, அவ்வளவுதான்.”

அவள் சொன்னதில் நினைவிருப்பவை: உள்ளே நிக்கொட்டின். இந்த வயதில் மூளை இன்னும் வளர்கிறது, சட்டென்று பிடித்துக்கொள்ளும். நெஞ்சுக்குக் கேடு. “தண்ணி மாதிரி ஊத்துறாங்களே, அதுக்குள்ள என்ன கெடக்கெண்டு வித்தவனுக்கே தெரியா.”

அந்தப் பையை என் கையாலேயே தைத்துக் கொடுத்தேனே, யா அல்லாஹ்.

ராத்தா சொன்ன வைத்தியங்கள்: 1. நல்லா அடி. 2. மௌலவியிடம் கொண்டுபோய் ஓதிப் பார். 3. வாப்பாவுக்குச் சொல். 4. தூரத்து மத்ரஸாவில் சேர். சுமையா மட்டும் தலையை ஆட்டினாள். “அடிச்சா ஒளிக்கப் பழகுவான் சாச்சி. முதல்ல கேளுங்க.”

ஜூலை 12, ஞாயிறு

கேட்கவில்லை. கத்தினேன்.

டியூஷனால் வந்தவன் செருப்பைக் கழற்ற முந்தியே அதை முகத்துக்கு நேரே நீட்டினேன். “யாருடா தந்த?” கன்னத்தில் ஒன்று வைத்தேன். பிறகு என் வாய் நிற்கவில்லை. உன் வாப்பா அங்கே வெயிலில் லொறி ஓட்டிச் சாகிறார், நீ இங்கே புகை விடுகிறாய், அது இது என்று. தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஒரேயொரு வார்த்தைதான் சொன்னான். “வாப்பாட்ட மட்டும் சொல்லாதீங்கும்மா.”

பயம் இருக்கிறது, நல்லது என்று நினைத்தேன்.

பகல் சாப்பிடவில்லை. கதவு பூட்டு. கணவாய்க் கறி அப்படியே கிடந்தது. அவனுக்கென்றே வாங்கியது. உள்ளேயிருந்து இருமல். ஒவ்வொரு இருமலுக்கும் என் கை எரிந்தது.

ஜூலை 13, திங்கள்

காற்று கொஞ்சம் குறைவு. அபாயா கொடுத்தாயிற்று. நூல் வாங்க வேண்டும், கறுப்பு மூன்று.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவன் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு. என் நாக்கை எனக்குத் தெரியும்.

“அடிச்சது பிழ மனே. மன்னிச்சிக்க.”

சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

“அது இல்லாட்டி எப்பிடி இரிக்கி உனக்கு?”

இந்தப் பக்கம் திரும்பி மெல்லக் கதைத்தான். “காலையில கண் முழிச்சா முதல்ல அதத்தான் கை தேடுது. விடப் பாத்தன்மா. ரெண்டு நாள். ஏலாமப் போச்சு. பந்தடிக்கப் போனா அர மணித்தியாலத்துல மூச்சு வாங்குது. கோச்சர் வெளியில இருத்திட்டார்.”

அவ்வளவு பெரிய ஆம்பிளைப் பிள்ளை விம்மி அழுதான். நானும் அழுதேன். இரண்டு மாதம் கொத்தமல்லி அவித்திருக்கிறேன், ஒருநாள் உட்கார்ந்து கேட்கவில்லை.

முதலில் யார் கொடுத்தது என்று மட்டும் வாய் திறக்கவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

சொல்லாமல் எப்படி? ஒரே பிள்ளை. வாப்பாவுக்குத் தெரியாமல் நான் ஒளித்து வைத்தால் நாளைக்கு என் தலையில்தான் விடியும். அவன் பள்ளிக்கூடம் போன பிறகு கட்டாருக்கு வீடியோக் கோல் எடுத்தேன். இவர் ஓடும் லொறியை ஓரம் கட்டினார்.

எல்லாம் சொன்னேன். வெடிப்பார் என்று காதைத் தள்ளி வைத்திருந்தேன். சஸ்னி கணக்கில் நாற்பத்தெட்டு எடுத்ததற்கு ஒரு கிழமை கதைக்காமல் இருந்த மனிதர்.

ஒன்றுமில்லை. “காட்டு” என்றார். நீலத்தைக் கமராவுக்குக் காட்டினேன். முகம் திரையை விட்டுப் போயிற்று. லொறியின் கூரைதான் தெரிந்தது.

“இஞ்சருங்க? கேக்குதா?”

“சிக்னல் இல்ல. மறுகா எடுக்கிறன்.” வைத்துவிட்டார்.

போனைப் பிடித்தபடி நின்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெருநாள் லீவில் வந்தபோது அவர் சட்டையிலும் இதே வாசம். கட்டார் சவர்க்காரம் என்று ஊரெல்லாம் சொன்னேன். குளியலறையில் அரை மணித்தியாலம் இருப்பார்.

சஸ்னி வந்ததும் கேட்டேன். “வாப்பாட பேக்கிலயா எடுத்த?”

தலையை ஆட்டினான். “ரெண்டு கெடந்திச்சு. ஒண்ட எடுத்துப் பாத்தன். முடிஞ்ச பொறகு டியூஷன் பக்கம் ஒருத்தன்ட்ட வாங்கினன்.”

“ஏன்டா எனக்குச் சொல்லல்ல?”

“வாப்பா மக்காவுக்கு உம்றா போய் வந்து சிகரெட்ட விட்டுட்டாரெண்டு எவ்வளவு சந்தோசப்பட்டீங்க. நேர்ச்ச வெச்ச மூணு நோன்பையும் புடிச்சீங்க. எப்பிடிம்மா சொல்ற?”

பயம் என்று நினைத்தேனே. பிள்ளை என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஜூலை 15, புதன்

இவருடைய மிஸ்ட் கோல் ஒன்பது. எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே பயம். மூன்று நோன்பு! வெயில் காலத்தில்!

கோபத்தில் ஒரு அபாயாவுக்கு வலக் கையை இடப் பக்கம் தைத்துவிட்டேன்.

சஸ்னி திங்களிலிருந்து அதைத் தொடவில்லை, இன்று மூன்றாம் நாள். தலையிடி. எதற்கெடுத்தாலும் பாய்கிறான். தேத்தண்ணியில் சீனி குறைவென்று கோப்பையை உடைத்தான். மற்ற நாளென்றால் வீடு இரண்டுபட்டிருக்கும். துண்டுகளைப் பொறுக்கினேன், வாயைப் பொத்திக்கொண்டு. சுமையா முன்னமே சொல்லியிருந்தாள், இப்படித்தான் இருக்கும் என்று. சற்று நேரத்தில் விளக்குமாறோடு வந்து நின்றான்.

அஸருக்குப் பிறகு இருவரும் கடற்கரைக்கு நடந்தோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தோம். அதுவே போதும் போல் இருந்தது.

ஜூலை 16, வியாழன்

சுமையா சொன்ன டொக்டரிடம் காட்டினோம். இளம் பிள்ளை. ஏசவில்லை. என்னை வெளியே இருக்கச் சொல்லி அவனோடு தனியாகக் கதைத்தார். பிறகு என்னிடம்: “ஒருக்கா வழுக்கினா எல்லாம் போச்செண்டு நினைக்க வேணாம். திரும்பவும் கூட்டி வாங்க.” நெஞ்சில் இப்போதைக்குப் பெரிய கோளாறு இல்லையாம். வழி நெடுக ஸலவாத்து ஓதிக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் இவர் என்னை விட்டுவிட்டு மகனின் போனுக்கு எடுத்தார். சஸ்னி ஸ்பீக்கரில் போட்டான். நான் அடுப்படியில். கேட்காத மாதிரி.

“மகன், உனக்கு ஏச எனக்கு வாயில்ல. என்ட பிழ. வெக்கத்துலதான் போன வெச்சன்.”

இவன் போனை அடுப்படிப் பக்கம் திருப்பினான்.

“நானும் விடப் போறன். இண்டைக்கே. உம்மாட்டச் சொல்லு.”

“உம்மா கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கா.”

கரண்டியைப் போட்டுவிட்டேன்.

பிறகு சஸ்னி கேட்டான், “வாப்பா, உங்களுக்கும் காலையில கை அதத்தான் தேடுமா?”

“ஓம் மனே. முதல்ல அதத்தான்.”

என் கோபம் முழுக்கப் போகவில்லை. பாதி போயிற்று.

ஜூலை 17, வெள்ளி

சின்னத் தூறல், மண் நனையவில்லை. மாப்பிள்ளை ஜுப்பா இன்று கொடுக்க வேண்டும், பொத்தான் பாக்கி.

தலையிடியென்று சஸ்னி பள்ளிக்கூடம் போகவில்லை. எட்டரைக்கு இவரின் கோல். அங்கே காலை ஆறு, லீவு நாள். முகம் வாடியிருந்தது.

“இழுத்துட்டன் மனே. சுபஹுக்கு எழும்பி, ஒருக்கா. ஒரு நாள் கூடத் தாங்கல்ல.”

கோபம் வந்ததே எனக்கு! மூன்று நோன்பு, பதினாறு வயதுப் பிள்ளை ஐந்து நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறது, இந்த நாற்பத்திரண்டு வயது மனிதருக்கு ஒரு நாள் முடியவில்லை. வாயைத் திறந்தேன்.

சஸ்னி கையை உயர்த்தி என்னை நிறுத்தினான். போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தான்.

“அத எங்க வெச்சிருக்கீங்க?”

“லொறிக்குள்ள.”

“இப்பவே போய் எடுத்து உடைச்சு எறியுங்க வாப்பா. போன கட் பண்ணாதீங்க, கையில வெச்சிக்கிட்டே போங்க. நான் இரிக்கன்.”

படியில் இறங்கும் சத்தம். லொறிக் கதவு திறக்கும் சத்தம்.