இருபத்துநாலு குச்சிக்கும் பொட்டு

சிதம்பரம்
29.9.2009

மஸ்கட்டில் இருக்கும் என் அன்பு மாமாவுக்கு, உங்கள் மனைவி வெண்மதி எழுதுவது. நானும் அத்தையும் சௌக்கியம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாளை வைத்திலிங்கம் அண்ணன் அங்கே கிளம்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் முழுசாகக் கோபப்பட்டுவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, பாருங்கள்.

"இந்த வயசுல சாக்பீஸ்ல கிறுக்கிக்கிட்டு டீச்சர் வேலைக்குப் போறியா" என்று போன மாதம் கேட்டீர்கள். அது சாக்பீஸ் இல்லை மாமா, பேஸ்டல், படம் போடுகிற வண்ணக் குச்சி. நம் அனுப்பிரியா விடுதிக்குப் போனதிலிருந்து பகல் முழுக்க நானும் சுவர்க் கடிகாரமும்தான். தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் சொல்லித்தர ஆள் தேடினார்கள். விஜயதசமி காலையில் மூன்று படம் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் தாளாளர் ராஜமாணிக்கம் சார். எனக்கு அந்த வேலை வேண்டும். ஆசை என்று எழுதினால் சிரிப்பீர்கள். அதனால் வேண்டும் என்றே எழுதுகிறேன்.

கடலூருக்குப் போய் இருபத்துநாலு குச்சி உள்ள பெட்டி வாங்கிவந்தேன். வழவழப்பான சார்ட் பேப்பரில் தேய்த்ததில் பொடியெல்லாம் மடியில் கொட்டியதுதான் மிச்சம். கடைக்காரரிடமே சண்டைக்குப் போனேன். "பேப்பர் கரகரன்னு இருக்கணும்மா, அப்பதான் கலர் புடிக்கும்" என்று வேறு தாள் கொடுத்தார். அடர்ந்த நிறம் முதலில், வெளிர் நிறம் கடைசியில். அழுத்தக் கூடாது. பொடியை வாயால் ஊதாமல் தாளைச் சாய்த்துத் தட்டணும். எல்லாம் கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டது. கத்திரிக்காயை மட்டும் எட்டுத் தடவை போட்டேன், எட்டாவதில்தான் மினுமினுப்பு வந்தது. அழுக்கான குச்சிகளை நொய்யரிசியில் போட்டுக் குலுக்கினால் சுத்தமாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு, "கஞ்சி வைக்கிற அரிசிய சாயத்துல போடுறா பாரு" என்று அத்தை இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

கத்திரிக்காய், பலாச்சுளை, பிச்சாவரத்துப் படகு என்று மூன்றும் தயாராகிவிட்டன. படகுக்கு மட்டும் பன்னிரண்டு நாள்.

ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி பூஜை. நான் பொரிகடலை வாங்கி வருவதற்குள் அத்தை என் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு குச்சியையும் ஈரத்துணியால் துடைத்து, இருபத்துநாலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, உங்கள் அப்பாவின் சைக்கிள் கடை ஸ்பானருக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார். படகுப் படத்துக்கு நாலு மூலையிலும் பொட்டு. மேலே தண்ணீர் வேறு தெளித்திருந்தார். படகு எது, தண்ணீர் எது என்று தெரியாமல் எல்லாம் கலங்கிக் கிடந்தது. "இதுவும் ஒரு தொழிலுதானே, சாமிகிட்ட வைக்க வேணாமா" என்றார்.

அய்யோ மாமா! கல்யாணமாகி இருபது வருஷத்தில் நான் செய்த எதையும் உங்கள் அம்மா தொழில் என்று சொன்னதில்லை. என்னவென்று கோபப்படுவேன்? பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடவும் கூடாது. "நல்லா வச்சிருக்கீங்க அத்த" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் அழுதேன்.

விஜயதசமி காலை ஐந்தரைக்குக் கற்பூரம் காட்டியதும் பெட்டியை எடுத்துவிட்டேன். குச்சிகள் காய்ந்திருந்தன, நாலைந்து உதிர்ந்துபோயிருந்தன. புதுத் தாளில் படகை மறுபடி போட உட்கார்ந்தேன், உதிர்ந்ததை விரலில் தொட்டே தடவினேன். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். இன்னொரு படம் கேட்டிருக்கிறார்கள் என்று அத்தையிடம் பொய் சொன்னேன். "நீ உக்காந்து போடு, இட்லி நான் ஊத்துறேன்" என்றார்.

ராஜமாணிக்கம் சார் படகை ரொம்ப நேரம் பார்த்தார். "கத்திரிக்காய பயந்து பயந்து போட்டிருக்கீங்க, இதுல பயமே இல்ல" என்றார். பயப்பட நேரம் எங்கே இருந்தது! வரும் திங்கட்கிழமை சேரச் சொல்லிவிட்டார். நான் போகப்போகிறேன் மாமா. இதை உங்களுக்குத் தெரிவிக்கத்தான் எழுதுகிறேன், அனுமதி கேட்டு அல்ல.

கேட்பது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது அத்தைதான் போனை எடுப்பார். "நான் பொட்டு வச்சதாலதான்டா அவளுக்கு வேல கெடச்சிது" என்பார். தெரு முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் பட்டதில் படம் வீணானது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நீங்கள் "ஆமாம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். சும்மா சொல்லாமல் மனசாரச் சொல்லுங்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,
உங்கள் வெண்மதி