உங்கள் வீட்டு டேபிள் ஃபேன்

நேற்று உன் மகன் வந்து அந்தப் பச்சை டேபிள் ஃபேனை என்னிடம் கொடுத்தான். "அம்மா உங்களுக்குக் குடுக்கச் சொல்லிட்டுப் போனாங்க, ஆன்ட்டி" என்றான். அடிப்பாவி, கண்ணை மூடிய பிறகும் என்னை அழ வைக்காமல் விடமாட்டாயா?

எண்பத்தாறில் என் படிப்புக்கே உலை வைக்கப் பார்த்த ஃபேன் இது. நாம் பெருங்களத்தூரில் ரயிலேறித் தாம்பரத்தில் பி.காம். படிக்கப் போன வருஷம். கல்லூரிப் பலகையில் ஒட்டியிருந்த உதவித்தொகை எல்லாமே கடன்தான் என்று நான் ஒதுங்கினேன். நீதான் இழுத்து நிறுத்தினாய். ஒன்று திருப்பிக் கட்ட வேண்டாதது, ஒன்று கட்டணச் சலுகை, இன்னொன்று பெயரில் மட்டும் உதவித்தொகை, வேலை கிடைத்ததும் கட்ட வேண்டும் என்று பிரித்துச் சொன்னாய். "கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுடி" என்பாய்.

திருப்பிக் கட்ட வேண்டாததற்கே விண்ணப்பித்தேன். வருமானச் சான்றுக்காகக் கிராம அலுவலர் வீட்டுக்கு வருகிறார் என்றதும் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சர்க்கார் ஆள் வரும்போது வீடு மூளியாக இருக்கலாமா? உங்கள் வீட்டு ஃபேனும் இரண்டு ஸ்டீல் நாற்காலியும் எங்கள் வீட்டுக்கு வந்தன. கல்குவாரியில் கூலி வேலை பார்த்த அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு காபி கொடுத்து உபசரித்தார். வந்தவர் சுற்றிலும் பார்த்தார். உதவித்தொகை வரம்புக்கு மேல் வருமானம் எழுதிவிட்டுப் போய்விட்டார். விண்ணப்பம் திரும்பி வந்தது. அடுத்த தவணைக் கட்டணம் கட்டாவிட்டால் கல்லூரியிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். அப்பா எனக்குத் தையல் கம்பெனியில் வேலை கேட்டு வைத்துவிட்டார்.

நீ விடவில்லை. நான்கு நாள் வகுப்பை விட்டுத் தாலுகா அலுவலக வாசலில் என்னோடு நின்றாய். ஐந்தாம் நாள் தாசில்தார் முன்னால் நான் வாயடைத்து நிற்க, நீதான் பேசினாய்.

"சார், அந்த ஃபேன் எங்க வூட்டுது. சேரும் எங்களுது. அவரு குடிச்சாரே, அந்தக் காபித்தூள்கூட எங்கம்மா குடுத்ததுதான்."

அவர் மறுவிசாரணைக்கு எழுதினார். எனக்கோ மானமே போய்விட்டது போல இருந்தது. ரயிலில் உன்னோடு பேசாமல் வந்தேன். உதவித்தொகை கிடைத்த பிறகுதான் பேசினேன். அதற்கு உன்னிடம் மன்னிப்பே கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், காதில் விழுமா?

இன்று ஒரு கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவு என் பொறுப்பு. ஃபேனை என் மேசையிலேயே வைத்துவிட்டேன். காலையில் கீழ்க்கட்டளையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி வரம்பு தாண்டிய வருமானச் சான்றோடு வந்து நின்றாள். அதிகாரி வந்த அன்று வீட்டில் என்னென்ன இருந்தன என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"சோபா பக்கத்து வூட்டுது, மேடம்."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு தாலுகா அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே அவள் வாயடைத்து நின்றால், நான் பேசுவேன்.