டீ வேண்டாம், கார் போதும்

என் பிரியமுள்ள ஸ்டெல்லாவுக்கு,

மேலே நீ இருக்கிற இடத்தில் சுகத்துக்குக் குறைவிருக்காது, அதனால் விசாரிக்கவில்லை. இங்கே பாலக்கரையில் எல்லாரும் நலம். நம் அந்தோணிக்குப் பெண் அமைந்துவிட்டது. பெயர் ரீட்டா, வீடு ஸ்ரீரங்கம். ஈஸ்டர் முடிந்ததும் மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து எல்லாருக்கும் அறிவிப்பார்கள்.

பையனுக்குப் பெண் எடுக்கும்போது கைநீட்டி ஒன்றும் வாங்கக் கூடாது என்று நீ கண்டிஷன் போட்டிருந்தாய். நான் மறக்கவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. ஆனால் பெண்ணின் அப்பா போனில், "நாங்களா பிரியப்பட்டு ஒரு கார் குடுக்கறோங்க" என்றார். கேட்காமல் வந்தால் அது வரதட்சணையா, ஆசீர்வாதமா? பத்தாம் வகுப்போடு நின்ற என் மூளை அன்றைக்கு மட்டும் வக்கீல் மாதிரி வேலை செய்தது.

எனக்கு சைக்கிளே கோணலாகத்தான் ஓடும், உனக்குத் தெரியும். ஆனாலும் நம் சந்துக்குள் கார் நுழையுமா என்று உன் பழைய புடவையை விரித்து அளந்தேன். எதிர்வீட்டு அம்மா, "என்னண்ணே, துணி காயப்போடறீங்களா?" என்றாள். ஆமாம் என்று ஒரு பொய் வேறு. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் எல்லாரும் முழங்காலில் நிற்க, நான் மனசுக்குள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயிறு பேசி முடிக்க ஸ்ரீரங்கம் போனோம். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது அந்தோணி, "கார் வேணாம்னு சொல்லிடுங்கப்பா. அப்புறம் அவ மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?" என்றான்.

"நான் பாத்துக்கறேன்டா" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வதாக நினைத்தேனோ.

அங்கே ரீட்டாவே டீ கொண்டுவந்தாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "தவக்காலம்மா. டீயை விட்டுட்டேன். கறி மீன்கூடத் தொடறதில்ல" என்றேன்.

"பெரிய மனசுங்க" என்றார் சம்பந்தி. பிறகு குரலைத் தாழ்த்தி, "கார் என்ன கலர்ல எடுக்கலாங்க?" என்றார்.

என் வாய் என்னை முந்திக்கொண்டது. "வெள்ளைன்னா அழுக்கு தெரியும்..."

அடுக்களைக்குள் ரீட்டா தன் அம்மாவிடம் சொல்வது எல்லாருக்கும் கேட்டது. "மாமாவுக்கு டீ வேணாமாம்மா. கார் போதுமாம்."

சம்பந்திக்கு முகம் வெளுத்துவிட்டது. கல்யாணமே நின்றுவிடும் என்று பயந்திருப்பார். "வாய்த் துடுக்குங்க, மன்னிச்சுக்கங்க" என்று எழுந்தேவிட்டார். அந்தோணி தரையைப் பார்த்தான். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது, ஸ்டெல்லா. அப்படியே நீ பேசுகிற பேச்சு. சாத்தான் கொம்போடு வருவான் என்று இத்தனை வருஷம் காத்திருந்தேன். அவன் எனக்குள்ளேயே சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

"ரீட்டா, அந்த டீயக் கொண்டாம்மா. கார் வேணாம், பொண்ணு போதும்" என்றேன்.

"சர்க்கரை போடட்டுமா மாமா, அதையும் விட்டுட்டீங்களா?"

"நெறையப் போடு."

தவக்கால விரதத்தை முறித்து அந்த டீயைக் குடித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எதைச் சொல்வது, டீயையா, காரையா?

ஆசை முழுசாகப் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். திரும்பும்போதும் பஸ் ஜன்னல் வழியே கார்களைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன். ஆனாலும் உனக்கு ஒரு வாக்கு. அந்தப் பெண் நம் வீட்டுக்கு எதையும் சுமந்துகொண்டு வரமாட்டாள், அந்த வாயைத் தவிர. அதை அடக்கச் சொல்லி யார் வந்தாலும் நான் அவள் பக்கம்தான் நிற்பேன்.

உன் பிள்ளையின் அப்பா,
இப்போது ரீட்டாவின் மாமாவும்.