இரண்டு சின்னையா

அக்கா,

உன் மோட்டார் சைக்கிளை எடுத்துப் போகிறேன். நீ பக்கத்து வீட்டுத் தனேஸின் வேனில் கிளினிக்குக்கு வந்துவிடு. சாம்பார் அடுப்பில் இருக்கிறது.

நேற்றுச் சாப்பிடும்போது நீ சொன்னாய்: "சின்னையா மாமாவுக்கு எஸ்டேட் குடுக்கிற இந்த வருஷ மருந்துச் செலவு லிமிட் முடிஞ்சிருச்சுன்னு கம்ப்யூட்டர் காட்டுது. நான் என்னடா செய்ய? பிரஷர் மாத்திரை இல்லாமத் திரும்பிப் போறாரு."



அதை முடித்தது நான். நான் கிளினிக்கில் இரவு ஷிப்டில் இருந்தபோது ஃபேக்டரியில் வேலை செய்யும் இன்னொரு சின்னையா கையை வெட்டிக்கொண்டு வந்தார். ஐசி அட்டையின் அடையாள நம்பரைத் தட்டாமல் பெயரை மட்டும் தட்டினேன். திரையில் முதலில் வந்த சின்னையாவின், அதாவது நம் மாமாவின் பேரில் பில்லைப் போட்டேன். அவர் கட்டு மாற்ற வந்தபோதெல்லாம் அதே கணக்குத்தான். வேலையை விட்ட பிறகும் எனக்கு இது தெரியாது. நேற்று நீ சொன்னதும் புரிந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மாமாவை அழைத்துவர லயத்து வீட்டுக்குப் போகிறேன். டாக்டரிடம் நானே சொல்வேன். எனக்காக நீ பேசாதே. அந்த வேலையை நீ கேட்டு வாங்கிக் கொடுத்ததே போதும்.

புனிதன்

மாமா வந்ததும் முதலில் பிரஷர் பார்க்கச் சொல். என்னை அப்புறம் திட்டு.